பின்கதவால் போய் விசாரித்த கதை

பாசமுள்ள சிவபாதம், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுவிட்டு எனக்கு முன்னால் நுழைந்து போன கள்ளா,

நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை புரோசார்டில் உன் மகள் வீட்டில் ஆட்டைத் திவசம் நடந்தது. சமைக்க வந்த பெண்கள் உனக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டார்கள். பாகற்காய் என்றால் உயிரையே விடுவான் என்று சொல்லிவிட்டேன். மூன்று விதமாக வைத்துப் படைத்திருந்தார்கள். எப்படி இருந்தது?

கோபிக்காதே. நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நீ ஆறாம் வகுப்பு வரைக்கும் போனதைச் சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டினாய். ஆனபடியால் எழுத்துப் பிழை பிடிக்காமல் வாசி. இதைச் சங்கத்து மலரில் போடப் போகிறார்களாம், மற்ற ஆட்களும் பார்ப்பார்கள். அதனால் உன் பேத்தி ஆரணியிடம் முதலில் கேட்டேன். "எழுதுங்கோ தாத்தா. ஆனா என்னைப் பாவமா எழுதாதேங்கோ" என்றாள். அவளைப் பாவமாக எழுத யாரால் முடியும்? உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

நல்ல செய்திக்கு முதல் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் உன் கடைசிக் கிழமை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "ஆரணிப் பிள்ளையின்ர கோப்பை அப்பிடியே திரும்பி வருது. பார்த்துக்கொள்" என்றாய். உன் மருமகனுடைய சமையலுக்கு வேறு எப்படி வரும் என்று நான் பகிடி விட்டேன். நீ சிரித்தாய். சிரித்தபடியால் இருமினாய். தண்ணீர் தந்தேன். அதோடு அந்தக் கதை முடிந்து போனது.

முடிந்திருக்கக் கூடாது. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக் குசினியில் இருபத்திரண்டு வருசம் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் நின்று கோப்பை கழுவினோம் நாங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு எங்கள் வாயில் கோப்பை என்றுதான் பெயர். முன்பக்கத்தில் மெழுகுதிரி எரியுமாம், பியானோ வாசிப்பார்களாம். நாங்கள் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கடையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த அளவு முதலாளிக்குத் தெரியாது. திரும்பி வருகிற கோப்பையைப் பார்த்தே இன்றைக்கு மீன் பழசு, இன்றைக்குச் சமையல்காரனுக்கு வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவாய். "முன்கதவால போறவன் கடையைப் பாக்கிறான், பின்கதவால போறவன் உண்மையைப் பாக்கிறான்" என்பது உன் வேதம். அப்படிப்பட்டவன் ஒரு கோப்பையைப் பற்றிச் சொன்னால், நான் அல்லவா நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்?

முதல் பனி கொட்டுவதற்கு இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது உன் மகள் வதனி கோட்-டெ-நெய்ஜில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். நாலு மாடி ஏறி வந்தவள் கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். தேத்தண்ணி வேண்டாம் என்கிற யாழ்ப்பாணத்துப் பெண் ஒன்றில் கோபமாக இருப்பாள், இல்லாவிட்டால் பயந்து போயிருப்பாள். அவள் பயந்து போயிருந்தாள்.

ஆரணி சோதனைக்குப் படிக்கிற நாட்களில் நித்திரைக்கென்று குளிசை போடத் தொடங்கியிருக்கிறாள். பிறகு டொக்டர் தந்தது போதாமல் வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறாள். இப்போது குளிசை இல்லாமல் எழும்பவும் முடியாது, படுக்கவும் முடியாது. யூனிவர்சிட்டிக்குப் போவதில்லை. அறையின் திரைச்சீலையைத் திறக்க விடுவதில்லை. இருந்து என்ன செய்ய என்று ஒருநாள் தாயைக் கேட்டாளாம். இருபது வயதுப் பிள்ளை.

டொக்டர் ஒரு தொண்டு நிறுவனத்தைக் காட்டிவிட்டார். இளம் ஆட்களுக்குப் போதைப் பழக்கத்தையும் மனச் சுகயீனத்தையும் சேர்த்துப் பார்க்கிற இடம், அங்கேயே தங்கவும் வைப்பார்கள். உன் மருமகன் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்து ஆட்கள் போட்ட நட்சத்திரம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றானாம்.

"எங்கட கடைக்கும் நட்சத்திரம் இருந்தது, பிள்ளை. அந்தக் குசினியில எலியும் இருந்தது."

"அதுதான் மாமா, நீங்கள் போய்ப் பாருங்கோ. அப்பா இருந்தா அவரைத்தான் அனுப்பியிருப்பன்."

அவளே ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தாள். அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு மண்டபம் எடுத்துச் சாப்பாடு போடாமல், அவர் பெயரில் ஒரு நல்ல இடத்துக்கு உதவப் போகிறோம், அதற்காக விசாரிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஆரணியின் பெயர் வெளியே வரக்கூடாது. என் வாயைப் பற்றித் தெரிந்தும் இந்த வேலைக்கு ஏன் என்னைப் பிடித்தாய் என்று கேட்டேன்.

"நீங்கள் உண்மையைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பாயினம், மாமா. உங்களை விட்டா எனக்கு வேற பாதுகாப்பான ஆள் இல்லை."

இந்த மொன்றியலில் முப்பத்தைந்து வருசமாக நான் சேர்த்த நல்ல பெயர் இது. யாருக்குக் கிடைக்கும்?

பச்சை மெட்ரோவில் போய் இறங்கினேன். வெளியே இரும்புப் படிக்கட்டு வைத்த செங்கல் வீடு, மூன்று மாடி. நேரே போய்க் கதவைத் தட்டலாமா? நல்லது கெட்டது விசாரிக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. முதலில் அயல். எதிரே ஒரு தெப்பனர் இருந்தது. பாலும் சிகரெட்டும் விற்கிற சின்னக் கடை. உள்ளே நின்றவர் மரியதாஸ், மன்னார் ஆள். எனக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு ஒரு சுவிங்கத்தை வாங்கினேன். செத்துப்போன சிவபாதத்தின் குடும்பத்துக்காக விசாரிக்கிறேன் என்று தொடங்கினேன். எதிர் வீடு எப்படி, சத்தம் சந்தடி உண்டா, ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வார்கள், வேலை செய்கிற ஆட்கள் குடிப்பார்களா, எத்தனை மணிக்கு வீடு போவார்கள்.

மரியதாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கே வேலை செய்கிற தமிழ்ப் பெடியன் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்லத் தொடங்கினார். தங்கமான பெடியனாம். சிகரெட் தொட மாட்டானாம். தாய்க்கு ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுப்பானாம். நான் வீட்டைக் கேட்டால் இவர் ஏன் பெடியனைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும். ஆறாம் வகுப்பு அல்லவா!

பிறகுதான் படியேறினேன். மிஷெலின் என்று ஒரு அம்மா, நரைத்த கட்டைத் தலைமயிர், அந்த இடத்தை நடத்துகிறவர். படம் போட்ட புத்தகம் ஒன்றைத் தந்தார். அதைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கிற மாதிரி இருந்தேன், என்ன செய்கிறார் என்று பார்க்க. சிரிக்காமல் கையை நீட்டித் திருப்பிவிட்டார். அப்போதே கொஞ்சம் பிடித்துப் போனது.

என் பிரெஞ்சு உனக்குத் தெரியும். "ஷோ! டெரியேர்!" அவ்வளவுதான். சூடு, பின்னால் வருகிறேன், விலகு. அதை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தை விசாரிக்க முடியாது. கையாலும் காலாலும் உடைந்த ஆங்கிலத்தாலும் கேட்டேன், எத்தனை பேருக்குச் சுகம் வந்தது என்று. அவர் ஒரு இலக்கமும் சொல்லவில்லை. போவார்கள், திரும்பி வருவார்கள், பிறகும் போவார்கள், யாரை எந்தக் கணக்கில் போடுவது என்றார். ஏமாற்றுகிறவள் இலக்கம் சொல்லியிருப்பாள். இல்லையா? எனக்குத் தெரியவில்லை. உண்மையான ஆளும் இப்படிச் சொல்லலாம், கெட்டிக்காரக் கள்ளியும் இப்படிச் சொல்லலாம்.

அப்போது உன் வேதம் ஞாபகம் வந்தது. குசினியில் கோப்பை கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வியாழக்கிழமையில் வேண்டும் என்றார்.

முதல் வியாழன் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற சின்ன ஒழுங்கையால் நடந்து போய், பின்கதவால் நுழைந்தேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றபோது, அடேய், பக்கத்தில் நீ நிற்கிற மாதிரியே இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் விலகி நின்றேன். உன் தண்ணீர் எப்போதும் என்மேல்தானே தெறிக்கும்.

கோப்பைகள் வந்தன. சிலது வழித்துத் துடைத்த மாதிரி. சிலது தொடாமல். எட்டிப் பார்த்தேன். தொடாதவர்களை யாரும் "சாப்பிடு, சாப்பிடு" என்று வற்புறுத்தவில்லை. வேலை செய்கிறவர்களும் அதே மேசையில் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள். சூப்பில் உப்பு இல்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் வியாழன் பனி கொட்டியது. மத்தியானம் ஒரு பெண் பிள்ளை, யாரென்று சொல்ல மாட்டேன், எல்லாரையும் திட்டிக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போனாள். மெல்லிய சட்டை மட்டும்தான். மிஷெலின் வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடினார். சரி, இழுத்து வரப் போகிறார் என்று யன்னலால் பார்த்தேன். இழுக்கவில்லை. கையில் கொண்டு போன கோட்டை அவளிடம் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இவர் நனைந்த செருப்போடு திரும்பி வந்து காலைத் துடைத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. விட்டுவிட்டீர்களே என்று கேட்டேன். பூட்டி வைக்கிற இடம் இல்லை இது என்றார். நான் கோபத்தில் மேசையில் கிடந்த அந்தப் பிள்ளையின் சாப்பாட்டை வழித்துக் கொட்டப் போனேன். மிஷெலின் என் கையைப் பிடித்தார். கோப்பையை வாங்கி, இன்னொரு கோப்பையால் மூடி, சூடு ஆறாமல் அடுப்புப் பெட்டிக்குள் வைத்தார்.

மூன்றாம் வியாழன் போனபோது அங்கே ஒரு மூடிய கோப்பை இருந்தது. அதே பழைய சாப்பாடா என்று திறந்து பார்த்தேன். அன்றைய சாப்பாடு, சூடாக இருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் புதிதாக ஒன்று மூடி வைத்து, மாலையில் எடுத்திருக்கிறார்கள். ஒரு கிழமையாக. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்கதவு திறந்தது. அந்தப் பிள்ளை. முன்கதவால் வர வெட்கப்பட்டு ஒழுங்கையால் சுற்றி வந்திருக்கிறாள். அதே கோட். என்னை ஒருதரம் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். நீட்டினேன். நின்றபடியே சாப்பிட்டாள். அவள் முடித்த பிறகு அந்தக் கோப்பையை நான்தான் கழுவினேன். இருபத்திரண்டு வருசத்தில் எத்தனை ஆயிரம் கழுவியிருப்போம்? ஒன்றுக்கும் கண் கலங்கியதில்லை. வெங்காயம் வெட்டினேன் என்று மிஷெலினிடம் சொன்னேன். அன்றைக்கு வெங்காயமே இல்லை.

அன்று பின்னேரமே புரோசார்டுக்குப் போய் வதனியிடம் என் அறிக்கையைக் கொடுத்தேன். படி ஒன்று ஆடுகிறது. டொக்டர் கிழமையில் ஒருநாள்தான் வருகிறார், அது காணாது. இடம் கிடைக்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவும் காணாது. சூப்பில் உப்பு இல்லை.

"அப்ப வேண்டாமோ மாமா?"

"பின்கதவு பூட்டுறேல்ல, பிள்ளை. போன ஆளுக்குக் கோப்பை மூடி வைக்கினம். அனுப்பு."

அவள் அன்றைக்குத்தான் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். தானும் குடித்தாள்.

இதற்கிடையில் நான் அவிழ்த்துவிட்ட ஆடு ஊர் முழுக்க மேய்ந்துவிட்டது. அயலில் நின்று இப்படிக் கேள்வி கேட்கிற தமிழ்க் கிழவன் வேறு எதற்குக் கேட்பான்? நான் சிவபாதத்தின் பேத்திக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறேன் என்று மரியதாஸ் தன் மனைவியிடம் சொல்ல, அவ மாதா கோவிலில் சொல்ல, அது அங்கிருந்து பஸ் மாறி எங்கள் பிள்ளையார் கோவிலுக்கும் வந்து சேர்ந்தது. உன் ஒன்றுவிட்ட தங்கச்சி மணியக்கா வதனிக்கு ரெலிபோன் எடுத்து, சொந்தக்காரருக்குச் சொல்லாமல் சம்பந்தம் பேசுகிறாயா என்று சண்டை பிடித்தா. வதனி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். நான் வயிறு நோகச் சிரித்தேன். விடு பிள்ளை, கலியாணக் கதை போர்வை மாதிரிக் கிடக்கட்டும், பிள்ளை வீட்டில் இல்லாததை யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன்.

மார்கழியில் ஆரணிக்கு இடம் கிடைத்தது. நான் வியாழக்கிழமைகளில் தொட்டியடியில் நின்றேன். அவள் என்னைத் தெரியாத மாதிரிப் போவாள். நானும் அப்படியே. அவளுடைய கோப்பை திரும்பி வரும்போது மட்டும் பார்ப்பேன். முதல் இரண்டு கிழமை, நீ சொன்ன மாதிரியே, அப்படியே வந்தது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு அவளும் ஒருநாள் வெளிக்கிட்டுப் போய்விட்டாள். நாலு நாள். ஒரு சிநேகிதி வீட்டில் இருந்தாளாம், எங்களுக்குத் தெரியாது. அந்த நாலு நாளும் எப்படிப் போனது என்று கேட்காதே. வதனி ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு உன் படத்துக்கு முன்னாலேயே இருந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் நாள் வியாழன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்து குளிர் முதுகில் அடித்தது. திரும்பிப் பார்க்கப் பயம். மூடிய கோப்பையைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், "ஷோ! டெரியேர்!" என்று கத்தியபடி திரும்பினேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வருசத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. "அப்பப்பாவும் இப்பிடித்தானே கத்துவார்" என்றாள். அப்பப்பா இல்லை, அம்மப்பா என்று திருத்தினேன். அதற்கும் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு பாதிக் கோப்பை சாப்பிட்டாள். பாதி என்றால் பாதிதான். ஆனால் நான் கண்ட கோப்பைகளில் அதைவிட வடிவான கோப்பை வேறு இல்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். கிழமையில் இரண்டு நாள் அங்கே போய் வருகிறாள். திரைச்சீலை திறந்திருக்கிறது. முற்றாகச் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன், மிஷெலினும் சொல்ல மாட்டார். ஆனால் சாப்பிடுகிறாள், சண்டை பிடிக்கிறாள், படுத்தால் நித்திரை வருகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஐயர் போய், இலை போட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். மணியக்கா உன் பாகற்காயைப் பிசைந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்க, "என்ன ஆரணி, அந்தப் பெடியன்ர பக்கம் என்ன சொல்லினம்? நாள் வைச்சாச்சோ?" என்றா. நான் ஒரு பகிடி சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். ஆரணி என்னைப் பார்த்தாள். நீ ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த அதே பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

"கலியாணம் ஒண்டும் இல்லை, மணி அம்மம்மா. எனக்குக் குளிசைப் பழக்கம் இருந்தது. சாக வேணும் போலயும் இருந்தது. தாத்தா விசாரிச்சது அதுக்குத்தான். அந்த இடத்தில நான் இருந்தனான். இப்பவும் போறனான்."

தமிழ் தடக்காமல் சொன்னாள். முதல் நாளே சொல்லிப் பார்த்திருப்பாள் போல. உன் மருமகன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். வதனி கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு யாரோ ரசம் கேட்டார்கள். ரசம் வந்தது. ஆட்கள் சாப்பிட்டார்கள். முடிந்தது, இனி ஒருத்தரும் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன். அந்தப் பிள்ளையோ இரண்டாம் தரம் சோறு வாங்கினாள். அடேய், இரண்டாம் தரம்!

வெளிக்கிடும்போது வாசலில் குனிந்து என் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். மணியக்கா பக்கத்தில் வந்து தானும் சப்பாத்துத் தேடுகிற மாதிரிக் குனிந்தா. கையிலேயே சப்பாத்து இருந்தது.

"அண்ணை, அந்த இடத்துக்கு எந்த மெட்ரோவில இறங்க வேணும்?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக, கேட்க இருந்த கேள்வியை விழுங்கினேன். பச்சை மெட்ரோவையும் ஸ்டேசனையும் சொன்னேன். முன்கதவால் வர ஒரு மாதிரி இருந்தால் ஒழுங்கையால் வாங்கோ, வியாழக்கிழமை நான் நிற்பேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனா. இன்றைக்குப் புதன்.

இன்னொன்று. வதனி சொன்ன மாதிரியே உன் பெயரில் உதவினபடியால், சுவரில் உன் பெயர் போட்ட பலகை ஒன்று வைப்போமா என்று மிஷெலின் கேட்டார். முன் மண்டபத்தில் வைக்க வேண்டும் என்று வதனிக்கு ஆசை. நான் விடவில்லை. குசினித் தொட்டிக்கு மேலே அடிக்கச் சொல்லிவிட்டேன். ஆகவே, செத்தும் நீ தப்பவில்லை. வியாழனுக்கு வியாழன் என் பக்கத்தில்தான் நிற்கிறாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பகிடியை விட மாட்டேன், அதை விட்டால் என்னில் மிச்சம் ஒன்றும் இராது. ஆனால் இனி யாராவது ஒரு பிள்ளையின் கோப்பை அப்படியே திரும்பி வருகிறது என்று சொன்னால், முதலில் கோப்பையைப் பார்ப்பேன். பகிடி பிறகு. இந்தக் கால்கள் படியேறுகிற வரைக்கும், அந்தப் பின்கதவால் வருகிறவருக்குச் சூடாக ஒன்று எடுத்துத் தர நான் அங்கே நிற்பேன். நாளைக்கு மணியக்காவுக்கும் சேர்த்து ஒன்று மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சூப்பில் உப்பும் நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்துத் தொட்டிக்காரன்,
ஆரணிக்கு மிச்சமிருக்கிற தாத்தா,
இராசரத்தினம்